ஒரு குதிரை இடைவெளி

மருத்துவமனை, மூன்றாம் மாடி
அக்டோபர் 19, 1994

அன்புள்ள மேக்சி,

கையெழுத்து கோணலாக இருந்தால் இவர்கள் கொடுக்கும் மருந்தைத் திட்டு, என்னைத் திட்டாதே. மல்லாந்து படுத்தபடி, வயிற்றின் மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து எழுதுகிறேன். தலைமாட்டிலேயே தொலைபேசி இருக்கிறது. ஆனால் அதில் யார் பேசினாலும் என் காதுக்கு வாளிக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும் என்று உனக்குத் தெரியுமே.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். டாக்டர் சின்ன வயது, சிக்காகோக்காரர். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "குதிரை வாலுக்கு எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற கிழவி, தானே போய் ஒட்டிக்கிட்டு நின்னா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நர்ஸ் சிரித்துவிட்டாள். பண்ணை வீட்டுப் பெண்ணாம்.

இந்தக் கடிதமே உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான். சவாரிச் சங்கத்தின் தலைவியாக நீ முன்னே போன முதல் வருஷம். ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஆட்கள் வேறு அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். மலை முழுக்க இலை சிவந்து, வெயிலும் இதமாக, நீ புதுக்குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து போனதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் நான் கெடுத்தேன்.

ஓடையில் குதிரைகள் தண்ணீர் குடிக்க நின்றபோது நானும் என் இடத்தில் சும்மா நின்றிருக்க வேண்டும். வழியில் ஒரு பெர்சிமன் மரம், முதல் பனி விழுந்து பழம் தேனாக இருந்தது. உனக்கு ஒன்று கொடுக்கலாமே என்று நான் ஏறியிருந்த என் குதிரை பிஸ்கட்டை உன் குதிரை டாலியின் பின்னால் கொண்டுவந்தேன். ஒரு குதிரை நிற்கிற இடைவெளி விட்டதாகத்தான் நினைத்தேன். விடவில்லை போலிருக்கிறது. டாலியின் கால் பிஸ்கட் மேல் படாமல் என் மேல் பட்டதே, அந்த மட்டும் நல்லது.

டாலியை வையாதே. பின்னால் யாராவது ஒட்டினால் எந்தக் குதிரைக்கும் பயம் வரும். அவள் உதைக்கிற குதிரை என்றால் நீ வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பாய், நானும் தள்ளி நின்றிருப்பேன். நீ கட்டவில்லை. ஆகத் தப்பு என்னுடையதுதான்.

பிஸ்கட்டை நம் சங்கத்து நடீன் தன் தொழுவத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ரோண்டா வந்து என்னை விச்சிட்டாவுக்கு அள்ளிக்கொண்டு போகிறாள். மகள் வீட்டு முகவரி பின்பக்கம். உன் புருஷன் ராய்ஸைக் கேட்டதாகச் சொல்.

உன்
வெர்லா

*

ஹார்பின் மில், மிசூரி
அக்டோபர் 30, 1994

என் அருமை வெர்லா,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். இரும்புத் தகட்டோடு படுத்துக்கொண்டு என்னைச் சிரிக்க வைக்க உன்னால்தான் முடியும். மன்னிப்பெல்லாம் எதற்கு? குதிரையோடு இருந்தால் இப்படி நடப்பதுதான். இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று தினமும் நினைத்தேன். ராய்ஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கடைசி வைக்கோல் கட்டுகளை நானே ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு பார்த்தால் நீ கிளம்பிவிட்டாய் என்றார்கள். மனசு கேட்கவில்லை. இத்தோடு எங்கள் மரத்துப் பெக்கன் பருப்பு கொஞ்சம் அனுப்புகிறேன்.

நீ போன பிறகு சவாரி ஒரு மாதிரி முடிந்தது. ஆம்புலன்சுக்காக நான் தார்ச்சாலை வரை குதிரையை விரட்டிப் போனதை ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர்கள் பெரிதாகப் பேசினார்கள். தோல் ஜாலர் வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாளே, அந்த அம்மாள், அடுத்த வருஷமும் எங்கள் சங்கத்தோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடீன் உனக்கு ஏதாவது எழுதினாளா? கொஞ்ச நாளாக அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. உன் காலில் அடிபட்டதில் எல்லோருக்கும் மனக்கஷ்டம், அவ்வளவுதான் இருக்கும்.

நன்றாகச் சாப்பிடு. ரோண்டா சொல்வதைக் கேள்.

என்றும் உன்
மேக்சின்

*

விச்சிட்டா, கான்சாஸ்
நவம்பர் 20, 1994

அன்புள்ள மேக்சி,

பருப்பு வந்தது. மாப்பிள்ளை கண்ணில் படாமல் தலையணைக்கு அடியில் வைத்துத் தின்கிறேன். நடீன் ஒரு அட்டை போட்டிருந்தாள். பிஸ்கட் கொழுக்கிறான், அவளுடைய கோவேறு கழுதையோடு சேர்ந்துகொண்டு வேலிக்கம்பியை நக்குகிறான், அவ்வளவுதான் சேதி. உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவள் எப்போது யாரிடம் முகம் கொடுத்துப் பேசினாள்?

இது நல்ல வீடுதான். எந்த ஜன்னலைத் திறந்தாலும் இன்னொருவர் ஜன்னல் தெரியும். தரை சப்பையாக, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரு மேடு கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ரோண்டா ஆரம்பித்துவிடுவாள். "அம்மா, அந்தக் குதிரைய வித்துடு. அடுத்த வாட்டி தலைல அடிபட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்பாள். கால்தானே போயிற்று, தலையை ஏன் இழுக்கிறாய் என்று நானும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். சொன்னால் மறுநாளே என் குதிரை ஏற்றும் டிரெய்லரையும் சேர்த்து விற்றுவிடுவாள்.

படுத்தபடியே அந்த ஓடையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வலது கையில் பழம், இடது கையில் வார். எனக்கும் டாலிக்கும் நடுவில் இன்னொரு குதிரை தாராளமாக நிற்கலாம். அப்படித்தான் எனக்குத் தெரிகிறது, இப்போதும். ஆனால் கால் உடைந்திருக்கிறதே. அப்படியென்றால் என் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, இருப்பது ஒன்று. கண் டாக்டரிடம் போனோம். வயதுக்கு மோசமில்லை என்று புதுக் கண்ணாடி கொடுத்தார். அவருடைய பலகையில் இருப்பது எழுத்துதானே, குதிரை வாலா இருக்கிறது?

கால் சரியானதும் ஓட்டிக்கொள் என்று ரோண்டா தன் பழைய காரின் சாவியைக் கொடுத்திருந்தாள். நேற்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், கால் வலிக்காக இல்லை. படி எங்கே இருக்கிறது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. என் பின்னால் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகளைக் குதிரையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தால் உடம்பு பதறுகிறது.

டாலி அசைந்தபோது நீ திரும்பிப் பார்த்தாய். உன் முகம் எனக்கு நினைவிருக்கிறது. மறைக்காமல் சொல், மேக்சி. நான் எவ்வளவு ஒட்டி நின்றேன்? என் கண்ணைவிட உன் சொல்லைத்தான் நான் நம்புவேன்.

உன்
வெர்லா

*

ஹார்பின் மில்
டிசம்பர் 11, 1994

என் அருமை வெர்லா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சங்கத்தின் வருஷக் கடைசி விருந்து என் தலையில் விழுந்தது. பன்றித் தொடை வறுவலும் சோள ரொட்டியும் இருந்தும் நீ இல்லாதது எல்லோருக்கும் குறையாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு மரக்கேடயம் கொடுத்தார்கள். ராய்ஸ் அதை வரவேற்பறையில் மாட்டிவிட்டான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது, வெர்லா. நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்சம் நெருங்கி வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் வயதில் யாருக்குத்தான் கண் முன்போல இருக்கிறது? எனக்கும்தான் ஊசியில் நூல் கோர்க்க ராய்ஸ் வேண்டியிருக்கிறது. இதற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இந்தக் குளிர்காலம் முழுக்க ஓய்வாக இரு. ரோண்டா எதைச் சொன்னாலும் உன் நல்லதற்குத்தான் சொல்வாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வை பின்னியிருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன்.

என்றும் உன்
மேக்சின்

*

விச்சிட்டா
ஜனவரி 22, 1995

அன்புள்ள மேக்சி,

போர்வை வந்தது. கால்மேல் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிஸ்கட்டை விற்றுவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்தேன். ரோண்டா சந்தோஷப்பட்டாள், பிறகு நான் சந்தோஷப்படாததைப் பார்த்து அவளும் அடங்கிவிட்டாள்.

வாங்கியவர் ஓக்லஹோமாக்காரர், கிளேட்டன் ரூப் என்று பெயர். மனைவி ஃபே ஏறுவதற்காக. நடீன் வீட்டு வாசலில்தான் கைமாறியது. ரோண்டா என்னைக் காரில் கொண்டுபோனாள். உனக்குச் சொல்லி அனுப்பவில்லை, நீயும் வந்து நின்றால் நான் அழுதுவிடுவேன்.

பிஸ்கட் குட்டியாக இருந்தபோதிலிருந்து என் பின்னால்தான் டிரெய்லரில் ஏறுவான். இந்த முறை நான் ஊன்றுகோலோடு தரையில் நிற்கிறேன். அவன் வாசலில் முன்னங்காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ரூப் அதட்டவில்லை, நல்ல மனிதர். ஃபே உள்ளே போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவன் இன்னும் என்னையே பார்க்கிறான். "போடா" என்றேன். போய்விட்டான். சேணத்தையும் கொடுத்துவிட்டேன். வேறு எந்தக் குதிரைக்கும் அது பொருந்தாது.

நடீன் என்னைப் பார்த்து, ஏன் விற்கிறாய் என்று கேட்டாள். கால்தான் என்றேன். கண் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கே தூரம் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

உண்மையைச் சொன்னதற்கு உனக்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் என் மனம் நோகக்கூடாது என்று ஏதாவது பொய் சொல்லியிருப்பார்கள். நான் மறுபடி ஏறி, எந்தப் பிள்ளையையாவது மோதித் தள்ளியிருப்பேன்.

உன்
வெர்லா

*

ஹார்பின் மில்
பிப்ரவரி 4, 1995

வெர்லா,

ஏன் இவ்வளவு அவசரப்பட்டாய்? வசந்தம் வரைக்கும் பொறுத்திருக்கலாமே. விற்கச் சொல்லி நான் எழுதவில்லையே. அந்த ரூப்பின் முகவரி உன்னிடம் இருந்தால் அனுப்பு. சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே ஒரே பனி. நிறைய எழுத வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

மேக்சின்

*

விச்சிட்டா
மார்ச் 8, 1995

மேக்சின்,

ஞாயிற்றுக்கிழமை நடீன் தன் லாரியை ஓட்டிக்கொண்டு இத்தனை தூரம் வந்திருந்தாள். பைபிள் கூட்டத்துக்குப் போகலாம், காரை எடு என்றாள். நான் ஓட்டுவதில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் ஒரு முறை கேட்டால் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். கண், தூரம், ஓடை, உன் டிசம்பர் கடிதம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவ உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன் வெர்லா. இத்தன மாசமா நீ அவள மன்னிச்சுட்டேன்னுதான் நெனச்சேன்."

போன கோடையில் டாலி நடீனின் குதிரையை விலாவில் உதைத்தாளாம். பின்பக்கமாகவே நகர்ந்து வந்து உதைத்தாளாம். வாலில் சிவப்பு கட்டு என்று நடீன் அப்போதே உன்னிடம் சொன்னாளாம். சவாரியன்று காலையில் தன் சிவப்புக் கழுத்துத் துணியிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்து உன் கையில் கொடுத்தாளாம். அப்புறம் கட்டுகிறேன் என்று நீ பையில் போட்டுக்கொண்டாயாம்.

இது உண்மையா? உண்டு, இல்லை என்று மட்டும் எழுது. வானிலை பற்றி எழுதாதே.

இதோடு ரூப்பின் முகவரி. நீ சும்மா கேட்டிருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

வெர்லா

*

ஹார்பின் மில்
ஏப்ரல் 16, 1995

வெர்லா,

உண்டு.

ஒரு சொல் போதும் என்றாய். ஒரு மாதம் கழித்துத்தான் அதை எழுத முடிந்தது. மீதியையும் எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்திவிடு.

நீ இடைவெளி விட்டிருந்தாய். உதைக்கப் போகிற குதிரைக்கு மடிவது போல டாலியின் காது பின்னால் படுத்ததை நான் பார்த்தேன். அவள் ஓடைக் கல்மேல் பின்பக்கமாகவே உன்னை நோக்கி நகர்ந்தது எனக்குச் சேணத்தில் தெரிந்தது. வாரை இழுத்துத் திருப்பியிருக்கலாம். அதற்குள் அந்த ஜாலர் ஜாக்கெட் அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீ எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தாய். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, வெர்லா. இதை நவம்பரிலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

காலையில் நடீன் துணியைக் கொடுத்தபோது டாலியின் பிடரியைப் பின்னி முடித்திருந்தேன். ராய்ஸ் தன் படகை விற்று வாங்கித் தந்த குதிரை. ஸ்பிரிங்ஃபீல்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. ஒவ்வொருவரும் அவளைச் சுற்றிவந்து பார்க்கிறார்கள். "இது யாரோட குதிரை? கண்ணு பட்டுடும் போலிருக்கே" என்று ஒருத்தி கேட்டாள். என்னோடது என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு அதே வாலில் போய்ச் சிவப்பு கட்ட எனக்குக் கை வரவில்லை. தலைவியின் குதிரையே உதைக்கிற குதிரையா என்று கேட்பார்களே என்று கூசியது. மத்தியானத்துக்கு மேல் அவர்கள் பின்தங்கியதும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று குளிர்காலம் முழுக்கத் தேடினேன். இல்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது, தப்பு என்னுடையது என்று நீ எழுதியதைப் படித்து நான் அழுதேன் என்று சொன்னேன் அல்லவா? நிம்மதியில் அழுதேன். அதை நினைத்தால்தான் என்னால் இப்போதும் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை.

உன் மார்ச் கடிதம் வந்த வாரத்தில், ராய்ஸின் லாரியில் காலி டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு நான் மட்டும் ஓக்லஹோமா போனேன். ரூப் வேலியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட்டைத் திருப்பித் தரும்படி கேட்டேன். என்ன விலையானாலும் தருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் கம்பி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க செஞ்ச தப்புக்கு என் பொண்டாட்டி எதுக்கும்மா குதிரைய விட்டுக் குடுக்கணும்?"

அந்தப் பக்கம் மேய்ச்சலில் ஃபே பிஸ்கட்மேல் மெதுவாகச் சுற்றிவந்துகொண்டிருந்தாள். இடுப்பு அறுவை செய்தவளாம், வேறு எந்தக் குதிரையின் நடையும் அவளுக்கு ஆகாதாம். காலி டிரெய்லர் வீடு வரும்வரை பின்னால் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

போன வியாழக்கிழமை சங்கக் கூட்டம். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நடீன் துணி கொடுத்தது, நான் கட்டாதது, நீ கேட்டும் நான் மழுப்பியது, எல்லாம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பொருளாளர் தொண்டையைச் செருமி, கோடை விருந்துக்கு இறைச்சி யார் வாங்குவது என்ற விஷயத்துக்குப் போய்விட்டார். வேறொரு தலைவியைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. வெளியே வந்து லாரியில் உட்கார்ந்துகொண்டேன், சாவி போடவே வெகுநேரம் ஆயிற்று. கேடயத்தை அன்று இரவே கழற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால், ராய்ஸ், மேய்ச்சலில், மாடுகளைத் தவிர யாரும் வராத இடத்தில் நிற்கிற டாலியின் வாலில் சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

இனி அவள்மேல் நான் ஏறுவதில்லை. அவள் மேல் குற்றமில்லை. அவள் சுமந்துகொண்டு போகிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றுகிறது, வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை. காரை மட்டும் ஓட்டு, வெர்லா. படி இறங்கும்போது கையை விடு.

மேக்சின்

*

விச்சிட்டா
செப்டம்பர் 24, 1995

மேக்சின்,

பதில் எழுத இவ்வளவு நாளானது வேண்டுமென்றேதான். இடையில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்த வசவு எல்லாம் நல்ல வசவுகள், வீணாய்ப் போயிற்று.

உன் கடிதம் வந்த மறுநாள் ரோண்டாவிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். பிறகு ஊரை. வளைவிலும் சரி, நிறுத்தத்திலும் சரி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. ஒரு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். எதற்காக என்று கேட்காதே. எனக்கே சரியாகத் தெரியாது.

ஜூலையில் ஃபே எழுதியிருந்தாள். நீ வந்து போனதை ரூப் சொன்னாராம். எப்போது வேண்டுமானாலும் வந்து பிஸ்கட்மேல் ஏறலாம் என்றாள். நானே காரோட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டதும் தூரத்திலிருந்து ஓடிவந்தான். என் கழுத்தை மோந்தான், சட்டைப்பையைத் துழாவினான். நான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஃபே வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவன் என்னை விட்டுவிட்டு அவளிடம் போய் நின்றுகொண்டான். ஏறிப் பார் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். நான் ஏறவில்லை. அவனுக்கு ஒரு வீடு ஆகிவிட்டது, அதில் போய்க் குழப்பம் பண்ண மனசு வரவில்லை. திரும்பி வரும்போது உன்மேல் எனக்கு வந்த கோபம், காலுக்காகக்கூட வந்ததில்லை.

கால் உடைந்தது பெரிதில்லை, மேக்சின். கேட்டிருந்தால் அங்கேயே, ஓடையிலேயே மன்னித்திருப்பேன். ரிப்பன் கட்டக் கூசியதுகூட எனக்குப் புரிகிறது. நானும் ஒரு காலத்தில் கிழிந்த சேணத்தை மறைக்கப் போர்வை போட்டு ஏறியவள்தான். ஆனால் நான் கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன், உன்னிடம் மட்டும்தான் கேட்டேன். நீ ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று எழுதினாய். அந்தக் குளிர்காலம் முழுக்க என் கண்ணே எனக்குப் பொய் சொல்கிறது என்று நம்பி, சொந்த மகள் வீட்டுப் படியில் குருடி மாதிரி தடவித் தடவி இறங்கினேன். அதை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது.

நீ சங்கத்தில் எழுந்து சொன்னதை நடீனும் எழுதினாள். அப்படிச் செய் என்று நான் கேட்கவில்லை. செய்தாய். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

டாலியை மேய்ச்சலில் நிறுத்தி வைத்து என்ன பிரயோஜனம்? நல்ல நடை உள்ள குதிரை. வாலில் சிவப்போடு ஏறு. பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வா, உன் பின்னால் யாரும் இல்லாதபடி.

அக்டோபர் சவாரிக்கு நான் வருகிறேன். நடீன் தன் கோவேறு கழுதையைத் தருகிறாள். ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர்கள் சிரிக்கட்டும், கழுதைக்கு என்னைவிட மானம் அதிகம். அவளுடைய டிரெய்லருக்குப் பக்கத்தில்தான் என் கூடாரம் இருக்கும். காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன் வா. காபி போட்டு வைத்திருப்பேன். கொடுத்துவிட்டு நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் தப்பாக நினைக்காதே, எனக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று வைத்துக்கொள். உட்கார்ந்து குடித்துவிட்டுப் போ.

வெர்லா